அங்கன்வாடிச் சுவரில் கரடி

சுவரில் படம் வரைகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: தையல்காரர் தப்பாக வெட்டிய துணியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம், சமையல்காரர் தீய்ந்த குழம்பைக் கொட்டிவிடலாம், எங்கள் தப்பு மட்டும் வெயிலிலும் மழையிலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிரஷ் பிடித்துப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்ல வருவது புரியும்.

நான் யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவன் இல்லை. கள்ளக்குறிச்சியில் கடைப் பலகை எழுத ஆரம்பித்தேன். காலண்டரைப் பார்த்து அருவி போட்டேன், தீப்பெட்டியைப் பார்த்து மயில் போட்டேன். மனிதர்களை உட்கார வைத்து உற்றுப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால், வீட்டில் இருந்த ஒரே ஆளான என் மனைவியைப் பார்த்துப் பழகினேன். அவள் இறந்துபோன மறு வருஷம், கரியாலூருக்கும் மேலே மலையில் ஒரு சின்ன ஊரில், ஓர் அங்கன்வாடிச் சுவரில் பதினோரு நாள் வேலை செய்தேன். அங்கே என்னிடம் சொல்லப்பட்டவற்றைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

எதற்காகக் கூப்பிட்டார்கள்

அங்கன்வாடி டீச்சர் செல்வி, ஏதோ ஒரு பலகையின் அடியில் என் போன் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். மலையில் வீடுகள் தள்ளித் தள்ளி, மேட்டுக்கு ஒன்றாக இருக்கும். பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். சுவரில் படம் இருந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. நமக்கு வேலை கிடைப்பதே இப்படி யாரோ சொல்வதால்தானே.

ஆனால் டீச்சருடைய கவலை ஒரு குழந்தையைப் பற்றித்தான். பெயர் கனகா, நான்கு வயது. அவள் அப்பா சடையன் காட்டில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். கோலூன்றிக் கொஞ்ச தூரம் நடப்பார், ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியாது. கனகா அங்கன்வாடியில் உட்கார்ந்தால்தான் அவள் அம்மா மரவள்ளிக் காட்டுக்குக் களை எடுக்கப் போக முடியும். கனகாவோ அம்மாவின் புடவையை விடுவதாக இல்லை. அந்த அம்மா வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அடிபட்டவர் என்றதும் பலா மரத்திலிருந்து விழுந்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டு, மேலே எதுவும் கேட்கவில்லை. செல்வி சொன்னது இது: "மத்த புள்ளைங்க படத்துக்கு வருதுங்களோ இல்லியோ, கனகா வந்து ஒரு வேள உக்காந்தா போதும் சார். அவங்க வூட்ல அடுப்பு எரியும். அதுக்கு இன்னா போடணுமோ அத்த போடுங்க."

அருவி

முதல் இரண்டு நாள் அருவி போட்டேன். அந்தப் பக்கம் அருவிகளுக்குக் குறைவில்லை, போய்ப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. என் கையிலேயே ஓர் அருவி இருந்தது. முப்பது வருஷமாக ஓட்டல், பேக்கரி, சலூன் எல்லாவற்றிலும் அதையேதான் கொட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கூம்பு மரங்கள், நடுவில் வெள்ளை, கீழே நீலம், குறுக்கே ஒரு மரப்பாலம். நீங்களும் ஏதாவது ஒரு சலூனில் அந்த அருவியைப் பார்த்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

கனகாவின் அம்மா இடுப்பில் குடத்தோடு அந்த வழியாக வந்தார். பின்னால் புடவையைப் பிடித்தபடி கனகா. அந்த அம்மா கூம்பு மரத்தைக் காட்டி, "இது இன்னா மரங்க?" என்றார். பெயர் எனக்கும் தெரியாது. "மலை மரம்," என்றேன். அவர் சுற்றியிருந்த மலையை ஒருமுறை பார்த்தார். பிறகு படத்துத் தண்ணீரை மேலிருந்து கீழே வரை எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். எனக்கு அருவி என்பது தூரத்தில் நின்று பார்க்கிற பொருள். அவருக்கு அது காலை வேலை. மறுநாள் பாலத்தை எடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல் போட்டேன், கூம்பு மரங்களைப் பலா மரமாக்கினேன். காரணம், போகும்போது அவர் கேட்ட கேள்வி: "தண்ணி நல்லாத்தான் ஊத்துது. கொடத்த எங்க வெக்கிறது?"

சீக்கு ஆடு

மூன்றாம் நாள் கனகா தானாக வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அம்மா கொஞ்சம் தள்ளி, புங்க மரத்தடியில். நான் வெள்ளாடு போட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு சீக்கா தாத்தா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. சீக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல கொழுத்த ஆடாகத்தான் போட்டிருந்தேன்.

நாலைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரையும் தன் ஆடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர் ஆடுகள் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தன. என் ஆட்டுக்கு வால் தொங்கியது. வாலைத் தொங்கவிட்டு நிற்பது செம்மறி. வெள்ளாடு வாலைத் தொங்கப் போட்டால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷமாக எத்தனை கறிக்கடைப் பலகைகளில் சீக்கு ஆடுகளை நிறுத்தியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வாலைத் தூக்கி வைத்தேன். கனகா சிரித்தாள். இரண்டு நாள் கழித்து அந்த ஆட்டுக்கு எதிரே வாசற்படியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள், அவள் அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். தொங்கிய வாலைப் பார்த்த அன்று ஆட்டுக்காரர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னது: "நாளைக்கு வரிக்கும் தாங்காதுங்க. இன்னிக்கே வித்துட்டு வேற ஒண்ணு வாங்கிக்குங்க."

கரடி சுலபம்

விலங்குகளில் கஷ்டமானவை குதிரையும் மாடும். பின்னங்கால் எந்த இடத்தில் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதில் கை தடுமாறும். முறையாகப் படித்தவர்கள் எலும்பில் ஆரம்பித்துக் கற்றுக்கொள்வார்களாம். என்னைப் போன்றவர்களுக்குக் கரடிதான் ஆபத்பாந்தவன். முடி எல்லாத் தப்பையும் மறைத்துவிடும். எனாமல் கறுப்பைப் பட்டைப் பிரஷ்ஷில் தோய்த்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் கரடி. மார்பில் ஒரு வெள்ளைப் பிறை, மூக்கில் கொஞ்சம் சாம்பல்.

ஆறாம் நாள் டீச்சர் இரண்டு நாள் கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு வெற்றிடம் இருந்தது. பிள்ளைகளை வரவேற்கிற மாதிரி, இரண்டு காலில் நின்று கைகளைத் தூக்கிச் சிரிக்கிற ஒரு கரடியை அங்கே போட்டேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. எனக்கே பிடித்திருந்தது. அங்கன்வாடியில் சமையல் செய்கிற அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்விட்டார். வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். அது சரிதான், காரணம்தான் வேறு.

மறுநாள் காலை கனகா அம்மாவுக்கு முன்னால் ஓடி வந்தாள். பத்தடி தூரத்தில் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. முகத்தைத் திருப்பாமல், சுவரைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுத்து வைத்து அம்மாவின் காலில் போய் முட்டிக்கொள்ளும் வரை நடந்தாள். கரடியைக் கண்டால் ஓடக் கூடாது, முதுகு காட்டக் கூடாது என்று அந்த ஊரில் நடை பழகும்போதே சொல்லிக் கொடுப்பார்களாம். கனகாவின் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, களைக்கொத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் மலையேறி வந்த செல்வி, பையைக்கூட இறக்கி வைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சடையன் மரத்துலேர்ந்து வுழலீங்க சார். இதுதான் அவர அடிச்சுது. இதே மாதிரி ரெண்டு கால்ல எழுந்து நின்னு அடிச்சுது."

இரண்டு கோட்டு வெள்ளை

தப்பு செய்த பெயிண்டர் முதலில் தேடுவது வெள்ளை. நீங்களும் அதைத்தான் தேடியிருப்பீர்கள். கையில் இருந்த டிஸ்டெம்பரை, அதாவது தண்ணீரில் கரைத்து அடிக்கிற வெள்ளையை, அன்று இருட்டுவதற்குள் இரண்டு கோட்டு அடித்தேன். காலையில் சுவர் பளிச்சென்று இருந்தது. செல்வி போய்க் கனகாவைத் தூக்கி வந்தார். அவள் இறங்கி, அதே பத்தடி தூரத்தில் நின்றாள். "பாரும்மா, தாத்தா அழிச்சிட்டாரு, ஒண்ணுமே இல்ல," என்றார் செல்வி. கனகா அவர் காதில் ஏதோ சொன்னாள். மறுபடியும் பின்னடி நடை. மறுபடியும் அந்த அம்மாவுக்கு வேலை இல்லை.

மத்தியானம் மழை பிடித்தது. சாரல் சுவரில் அடித்தது. டிஸ்டெம்பர் நனைந்தால் அடியில் இருக்கும் எனாமல் கறுப்பு மேலே தெரியும். இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவசரத்தில் அடித்தவனுக்கு மட்டும் மறந்துபோனது. கூரையடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் தூக்கிய இரண்டு கைகள், பிறகு தலை, பிறகு தோள். வெள்ளைக்குள்ளிருந்து கரடி மெதுவாக வெளியே வந்து நின்றது. கனகா காலையில் காதில் என்ன சொன்னாள் என்று செல்வியிடம் கேட்டேன். அவர் அவள் சொன்னதை அப்படியே சொன்னார்: "வெள்ள போர்வ போத்திகினு நிக்குது டீச்சர்."

இருமாமல் போனவர்

ஒன்பதாம் நாள் காலையில் சடையனே வந்தார். பத்து நிமிஷ நடை, அவருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முகத்தின் வலப்பக்கம் கீழே இழுத்திருந்தது, வலக்கண் மூடியிருந்தது, கண்ணிலிருந்து தாடை வரைக்கும் தைத்த தழும்பு. முகம் பார்ப்பதே என் பிழைப்பு. ஆனாலும் நான் பெயிண்ட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு மூடியைத் திருகினேன். "பாருங்கய்யா, நல்லா பாத்துக்குங்க," என்றார். "எல்லாரும் ஓரமா பாத்துட்டு போறாங்க. எனக்குத்தான் கழுத்து வலிக்குது." பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்து, மழைத் தண்ணீர் காய்ந்து மங்கலாகியிருந்த கரடியை ஆராய்ந்தார். காட்டு வழியில் போகிறவர்கள் இருமிக்கொண்டோ, கோலைத் தட்டிக்கொண்டோ, எதையாவது பேசிக்கொண்டோ போவது அங்கே வழக்கம். சத்தம் கேட்டால் கரடி தானே விலகிப் போய்விடும். அன்று சடையன் தலையில் சுமையோடு சத்தமில்லாமல் போய்விட்டார். புற்றைக் கிளறிக்கொண்டிருந்த கரடிக்குப் பின்னால் பாறை, முன்னால் இவர். "தப்பு என்னுதுய்யா. அதுக்கு வேற வழி இல்ல, என் மேல ஏறிப் போச்சு," என்றார். இதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுத் தகராறைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு கோலால் சுவரைக் காட்டினார்: "இங்கியும் அதான். பின்னால செவுரு, பக்கத்துல கதவு, எதுருல புள்ளைங்க. வெள்ளைய பூசிட்டா போனதா ஆவுமா? அதுக்கு ஒரு வழி வுடுங்க, அதுவே பூடும்."

முதுகு

அன்று மத்தியானம் வரை உப்புத்தாளும் சுரண்டியும் வைத்துக் கறுப்பைச் சுவர் தெரியும் வரை எடுத்தேன். அந்த இடத்திலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதையை ஆரம்பித்து, சுவரின் மூலையைத் தாண்டி, மலையைப் பார்த்திருக்கும் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனேன். பாதையில் காலடித் தடம், இரண்டு பக்கமும் மிதிபட்டுச் சாய்ந்த புல். பக்கச் சுவரில் கரடி. மலைப் பக்கம் போகிற கரடி, ஆகவே முதுகு மட்டும்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எந்தக் காலண்டரிலும் கரடி முதுகைக் காட்டி நிற்பதில்லை. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முடியால் மறைக்கலாம் என்றால் அதைச் சடையன் விடவில்லை. கல்லில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். இடுப்பு இன்னும் அகலம். தலை தெரியக் கூடாது, போகும்போது தொங்கப் போட்டுக்கொண்டுதான் போகும். முடி தோளில் அடர்த்தி, பின்னால் வரவரக் கம்மி. தூக்கிய பின்னங்காலில் உள்ளங்கால் தெரிய வேண்டும், அது மனிதன் கால் மாதிரியே இருக்கும். அப்படியே போட்டேன். நான் போட்டவற்றில் முடிக்கு அடியில் உடம்பு இருக்கிற முதல் விலங்கு அதுதான். எங்களூரில் காளையை வளர்த்தவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை, எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் தழும்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "கீழ கெடந்துகினு நான் பாத்தது அது ஒண்ணுதான்ய்யா. அது முதுகு தெரிஞ்சப்பதான் நான் உயிரோட கீறேன்னு தெரிஞ்சுது."

அப்பா

பத்தாம் நாள் கனகா அப்பாவோடும் அம்மாவோடும் வந்தாள். பத்தடியில் நின்றாள். கரடி இருந்த இடத்தில் பாதை. காலடித் தடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், மூலை வரை போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "யாரு தொரத்துனா?" என்றாள். நியாயமான கேள்வி. காரணமில்லாமல் யாரும் எங்கேயும் போவதில்லை. பாதை ஆரம்பிக்கிற இடத்தில், கதவுக்குப் பக்கத்தில், கோலைத் தட்டி இருமுகிற ஓர் ஆளைப் போட ஆரம்பித்தேன். வேறு யாரைப் போடுவது, சடையனைத்தான்.

மனித உருவத்தில் எனக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, கையை இரண்டு தடவை சரிபார்ப்பது. என் மனைவி எந்தப் படத்தைக் காட்டினாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், "கை," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் சொன்னால் கை தப்பாகத்தான் இருக்கும். இன்னொரு வழக்கம், முகத்தில் கொஞ்சம் தாராளம் காட்டுவது. வழுக்கைக்கு முடி வைப்பேன், மூக்கை நிமிர்த்துவேன், பத்து வயதைக் குறைப்பேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அதே மரியாதையில் சடையனுக்கு இரண்டு கண்ணும் நேரான கன்னமும் வைத்தேன். அவர் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

கனகா கேட்டாள்: "இது யாரு?"

"உங்கப்பாதான்."

"எங்கப்பா இல்ல."

செல்வி ஏதோ சொல்லப் போனார். கனகா தன் வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எனக்குக் காட்டினாள். நான் சடையனைப் பார்த்தேன். "அவ சொல்றாப்பலியே போடுங்கய்யா. அவளுக்குத் தெரிஞ்ச மூஞ்சி இதுதான்," என்றார். திறந்திருந்த கண்ணை மூடினேன். கன்னத்தைக் கீழே இழுத்தேன். தழும்பைக் கண்ணிலிருந்து தாடை வரை ஒரே இழுப்பில் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கனகா கல்லில் இருந்த அப்பாவையும் சுவரில் இருந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்தவரை ஒட்டிக்கொண்டே நடந்து, கதவைத் தாண்டி உள்ளே போய்ச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளிருந்து கூப்பிடும் சத்தம் வரவில்லை என்றதும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பதினோராம் நாள் நான் டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, கனகா வந்து நேராகப் பக்கச் சுவருக்குப் போனாள், பார்த்தாள், திரும்பினாள். உள்ளே போகிற வழியில் என்னிடம் நின்று சொன்னாள்: "இன்னும் போய்க்கினேதான் கீது தாத்தா. அது வூடு ரொம்ப தூரம் போல."

இத்தனை வருஷத்தில் நான் போட்ட படங்களில், ஒருவர்கூட அழகாக இருக்கிறது என்று சொல்லாமல், தினமும் ஓர் அம்மாவைக் களைக்கு அனுப்பிவைத்து ஒழுங்காக வேலை பார்க்கிற படம் அது ஒன்றுதான்.